காதுக்காக ஒரு திரை

ஒலிப்பதிவுக் கூடங்களில் ‘ஈக்யூ’ என்று சொல்லப்படும் கருவியில், எந்த அதிர்வெண்ணைக் கூட்டுவது அல்லது குறைப்பது என்று தேர்ந்தெடுக்க ஒரு குமிழ் உண்டு. 20 ஹெர்ட்ஸ் தொடங்கி 20,000 ஹெர்ட்ஸ் வரை, மனிதக் காதுக்குக் கேட்கும் அதிர்வெண்கள் அத்தனையும் அந்த ஒரு குமிழின் சுழற்சிக்குள் அடக்கம். கணினித் திரையில் அதை வரைகிற நிரலாளர், சுழற்சியைச் சம பங்குகளாகப் பிரித்துவிடுகிறார் என்று வையுங்கள். பாதி சுழற்றினால் 10,000 ஹெர்ட்ஸ். கணக்குச் சரிதான், ஆனால் அந்தக் குமிழை வைத்து யாரும் வேலை செய்ய முடியாது.

அதிர்வெண் இரட்டிக்கும் ஒவ்வொரு முறையும் நம் காது ஒரு ஸ்தாயி ஏறியதாக உணர்கிறது. 20, 40, 80 என்று இரட்டித்துக்கொண்டே போனால் 10,240ஐத் தொடும்போது ஒன்பது ஸ்தாயிகள் முடிந்திருக்கும். ஆக, குமிழின் முதல் பாதியில் ஒன்பது ஸ்தாயிகள் நெருக்கியடித்துக்கொண்டு நிற்கும். மறுபாதி முழுவதற்கும் ஒரே ஒரு ஸ்தாயிதான். குமிழை முழுதாகத் திருப்ப மவுஸ் 200 புள்ளிகள் நகர வேண்டும் என்றால், ஒரு புள்ளிக்கு 100 ஹெர்ட்ஸ். மவுஸ் ஒரு புள்ளி நகர்ந்ததும் 20 ஹெர்ட்ஸ் 120 ஆகிவிடும். பாஸ் கிட்டாரின் நான்கு தந்திகளையும் அழுத்தாமல் மீட்டினால் வரும் ஒலிகள் 41, 55, 73, 98 ஹெர்ட்ஸ். நான்கும் அந்த ஒரு புள்ளிக்குள் மறைந்துபோகும். அதனால்தான் நல்ல மென்பொருள் இந்தக் குமிழை மடக்கை அளவில் அமைக்கிறது. எந்த இடத்தில் திருப்பினாலும் ஒரே அளவு சுழற்சிக்கு ஒரே அளவு ஸ்தாயி ஏறும்.

ஒலியளவை ஏற்றி இறக்கும் ஃபேடரிலும் இதே பிரச்சினை. ஒலியின் வீச்சைப் பாதியாக்கினால் 6 டெசிபல் குறையும். கேட்பவருக்குச் சத்தம் பாதியாகிவிட்டதாகத் தோன்றுவதற்கோ ஏறத்தாழ 10 டெசிபல் குறைய வேண்டும். ஃபேடரை நேர்விகிதத்தில் அமைத்தால், பாதித் தூரம் இழுத்த பிறகும் பெரிய மாற்றம் தெரியாது. கடைசிப் பத்தில் ஒரு பங்கு தூரத்தில் மைனஸ் 20 டெசிபலுக்குக் கீழே உள்ளதெல்லாம் ஒரேயடியாகச் சரிந்துவிடும். பின்னணியில் தம்புராவை மெல்ல ஒலிக்கவிட நினைப்பவருக்கு அந்தக் கடைசிச் சில மில்லிமீட்டர்தான் முக்கியம். லாஜிக், ஏபிள்டன் லைவ் போன்ற மென்பொருள்களில் ஃபேடரின் உச்சி பிளஸ் 6 டெசிபல். பூஜ்யம் அதற்குச் சற்றுக் கீழே, ஏறத்தாழ முக்கால் உயரத்தில் இருக்கும். மிக்ஸிங் செய்பவர் நாள் முழுதும் புழங்குவது பூஜ்யத்தை ஒட்டிய பத்துப் பன்னிரண்டு டெசிபலுக்குள் என்பதால் அந்தப் பகுதிக்குத் தாராளமாக இடம் ஒதுக்கியிருக்கிறார்கள்.

இசைத் தயாரிப்பு மென்பொருளின் திரையைப் பற்றிப் பேசுகிறவர்கள் பெரும்பாலும் அதன் அழகைப் பற்றிப் பேசுகிறார்கள்: கறுப்பா சாம்பலா, மரச்சட்டம் போட்டதா தட்டையானதா என்று. எனக்கு முக்கியமாகப் படுவது வேறு. திரையில் எதை எங்கே எப்படி வைக்கிறோம் என்ற ஒவ்வொரு முடிவும், காது எப்படிக் கேட்கிறது, கை எப்படி நகர்கிறது, இசை எப்படி அமைகிறது என்பதைப் பற்றிய ஒரு தீர்மானம். அந்தத் தீர்மானம் தவறாக இருந்தால் பயனர் தடுமாறுவதோடு நிற்காது, இசையே வேறு பக்கம் திரும்பிவிடும்.

கையிலிருந்து தொடங்கலாம். கூடங்களில் இருக்கும் அசல் மிக்சர்களில் ஃபேடர் 100 மில்லிமீட்டர் ஓடும். திரைப்படத்துக்கு மிக்ஸிங் செய்யும் சவுண்ட் இன்ஜினியர் வலது கையால் பாடகியின் குரலை ஏற்றும்போதே இடது கையால் வயலினை இறக்குவார். கண் திரையில் ஓடும் படத்தின் மேல் இருக்கும். மவுஸைப் பிடித்தால் பத்து விரலும் ஒரு விரலாகச் சுருங்கிவிடுகிறது, அந்த விரலுக்கும் தொட்டுணர்வு கிடையாது. அமெரிக்க உளவியலாளர் பால் ஃபிட்ஸ் 1954இல் ஒரு விதியை வெளியிட்டார்: ஓர் இலக்கைத் தொட ஆகும் நேரம், அது எவ்வளவு தொலைவில் இருக்கிறது, எவ்வளவு சிறியது என்ற இரண்டையும் பொறுத்தது. சின்னஞ்சிறு குமிழ்கள் நாற்பதைத் திரையெங்கும் இறைத்துவைத்தால் ஒவ்வொன்றையும் தொடுவதற்கு நேரம் போகும். பாட்டைக் கேட்டுக்கொண்டே திருத்துகிறவருக்கு அந்த நேரம் கேட்பதிலிருந்து கழிகிறது.

குமிழ் என்பதே திரையில் ஒரு விசித்திரப் பிறவி. அதைப் பார்த்ததும் சுழற்றத்தான் தோன்றும். ஆனால் மவுஸால் சிறு வட்டம் போடுவது எவ்வளவு சிரமம் என்பதை முயன்றவர் அறிவார். அதனால் இன்றைய மென்பொருள்களில் பெரும்பாலானவை குமிழைப் பிடித்து மேலும் கீழும் இழுக்கச் சொல்கின்றன. நுணுக்கமாக நகர்த்த ஒரு விசையை அழுத்திக்கொள்ள வேண்டும். இரண்டு முறை தட்டினால் பழைய நிலைக்குத் திரும்பும் என்பது பலவற்றில் பழக்கம். இவற்றில் எதையும் அந்தப் படம் சொல்வதில்லை. பக்கத்தில் உட்கார்ந்து ஒருவர் காட்டித்தர வேண்டும். ஆனாலும் குமிழுக்கு ஒரு நியாயம் உண்டு. குறைந்த இடத்தில், இப்போது எவ்வளவு, இன்னும் எவ்வளவு போகலாம் என்ற இரண்டையும் ஒரே பார்வையில் சொல்லிவிடுகிறது. குமிழ் இருக்கட்டும். பழைய இயந்திரம்போல் காட்ட அதைச் சுற்றி வரையப்படும் திருகாணிகளுக்கும் துருவுக்கும் அந்த நியாயம் இல்லை.

பழைய இயந்திரத்தைத் திரையில் அப்படியே வரைவது எல்லா இடத்திலும் வீண் என்று சொல்லிவிட முடியாது. ஸ்டாக்ஹோம் நிறுவனமான புரோபெல்லர்ஹெட் 2000இல் வெளியிட்ட ‘ரீசன்’ மென்பொருளில் கருவிகள் ஓர் அலமாரியில் அடுக்கியதுபோல் இருக்கும். டேப் விசையைத் தட்டினால் அலமாரி முழுதும் திரும்பி முதுகைக் காட்டும். கேபிள்கள் தொங்கும், இழுத்தால் ஆடும். ஒரு கருவியின் வெளியீட்டிலிருந்து கேபிளை இழுத்து அடுத்ததில் செருகலாம். ஒலி எங்கிருந்து கிளம்பி எங்கே போகிறது என்பது ஒலிப்பொறியியலில் ஆரம்பநிலை மாணவருக்குக் கடினமான பாடம். அதைக் கண்ணால் காட்டிவிட்டது அந்தப் பின்பக்கம். அங்கே படம் ஒரு வேலை செய்தது.

திரையில் இசை அமைக்கும் பழக்கத்துக்கு வயது நாற்பதுக்கு மேல். சிட்னியில் பீட்டர் வோகலும் கிம் ரைரியும் 1979இல் கொண்டுவந்த ஃபேர்லைட் சிஎம்ஐ கருவியில் பச்சைத் திரை இருந்தது. ஒளிப்பேனாவால் திரையைத் தொட்டு அலைவடிவத்தையே வரையலாம். மாயம்போல இருந்தது, ஆனால் மணிக்கணக்கில் கையைத் தூக்கிப் பிடித்திருந்தவர்களுக்குத் தோள்பட்டை வலித்தது. பின்னாளில் வந்த மூன்றாம் வரிசைக் கருவியில் பேனா திரையை விட்டு இறங்கி, கீபோர்டோடு சேர்ந்த ஒரு பலகைக்கு வந்துவிட்டது. பார்ப்பவரை மயக்கும் வடிவமைப்பு, அன்றாடம் உழைப்பவரின் கைக்கு ஒத்துவராமல் போகலாம் என்பதற்கு இது ஆரம்பகால உதாரணம். இன்று தொடுதிரைகளை நெட்டுக்குத்தாக நிறுத்தி மிக்ஸிங் செய்யச் சொல்பவர்கள் இதை நினைவில் கொள்ள வேண்டும்.

இன்று நாம் காணும் திரைக்கு உருக்கொடுத்ததில் பெரும் பங்கு 1989இல் அட்டாரி எஸ்டி கணினிக்கு வந்த கியூபேஸுக்கு. ஜெர்மனியின் ஸ்டைன்பெர்க் நிறுவனம் உருவாக்கியது. ட்ராக்குகள் ஒன்றன்கீழ் ஒன்றாக, காலம் இடமிருந்து வலமாக. ஒவ்வொரு பகுதியும் ஒரு கட்டமாகக் கிடக்கும். கட்டத்தை இழுத்து நகர்த்தலாம், வெட்டலாம், நகலெடுக்கலாம். பாட்டின் பல்லவியை ஒருமுறை அமைத்துவிட்டு, சரணம் முடிந்த இடத்தில் மறுபடி ஒட்டுவது சில நொடி வேலையாயிற்று. இது பெரிய விடுதலை. கூடவே ஒரு சாய்வும் வந்தது: ஒட்டுவது எளிதானதால், இரண்டாவது பல்லவியைப் புதிதாக வாசிக்கும் பழக்கம் குறைந்தது. எந்தக் காரியம் கைக்கு எளிதோ அது அடிக்கடி நடக்கும். இதற்கு யாருடைய சோம்பலும் காரணமில்லை.

பெர்லினின் ஏபிள்டன் நிறுவனம் 2001இல் வெளியிட்ட ‘லைவ்’ இந்தக் காலக்கோட்டை உதறிவிட்டு யோசித்தது. அதை உருவாக்கியவர்கள் தாங்களே மேடையில் வாசித்துவந்த மின்னிசைக் கலைஞர்கள். அவர்களுக்கு முன்கூட்டி எழுதி முடித்த பாட்டு வேண்டாம். ரசிகர்களைப் பார்த்து அடுத்து என்ன என்று அந்தக் கணத்தில் தீர்மானிக்க ஒரு வழி வேண்டும். இசைத் துண்டுகளைக் கட்டங்களில் அடுக்கினார்கள், தட்டினால் ஒலிக்கும். நான் மிகவும் மெச்சுவது அதிலுள்ள ஒரு சிறு ஏற்பாட்டை. நீங்கள் எந்த நொடியில் தட்டினாலும், துண்டு உடனே தொடங்குவதில்லை. அடுத்த சுற்றின் முதல் தட்டு வரும்வரை காத்திருந்து சரியாக அங்கே எடுக்கிறது. கை முன்னே பின்னே தவறினாலும் தாளம் தவறாது. மவுஸின் குறையை அறிந்து, அதற்கு ஈடுகட்டிய வடிவமைப்பு இது.

ஆனால் அதன் ‘முதல் தட்டு’ எந்தத் தாளத்தின் முதல் தட்டு? லைவ், லாஜிக், கியூபேஸ் எதைத் திறந்தாலும் வழக்கமாகக் கண்ணில் படுவது நிமிடத்துக்கு 120 தட்டு, நான்குக்கு நான்கு. மாற்றிக்கொள்ளலாம்தான். தட்டை உட்பிரிக்கும் பட்டியலைத் திறந்து பாருங்கள்: கால், அரைக்கால், மாகாணி என்று இரண்டிரண்டாகப் பிரியும், கூடவே மூன்றாகப் பிரிக்கவும் வழி இருக்கும். நம் தாளமொழியில் சொன்னால் சதுஸ்ரமும் திஸ்ரமும் கைக்கெட்டும் தூரத்தில் இருக்கின்றன. ஒரு தட்டை ஐந்தாகப் பிரிக்கும் கண்ட நடைக்கும், ஏழாகப் பிரிக்கும் மிஸ்ர நடைக்கும் பல மென்பொருள்களின் பட்டியலில் நேர்வழி இல்லை. டெம்போவை மாற்றி, தாளக் குறியை மாற்றி, ஒரு தட்டையே ஒரு சுற்றாக நடிக்கவைத்துத்தான் அங்கே போக வேண்டும். மிருதங்கம் பழகும் பிள்ளை சொற்கட்டாக இயல்பாகச் சொல்லும் ஒன்று, திரையில் சுற்றுவழிப் பயணம் ஆகிவிடுகிறது.

ஸ்வரத்தில் இது இன்னும் ஆழமாகப் போகிறது. ‘பியானோ ரோல்’ என்னும் திரையின் மூதாதை, நூறாண்டுக்கு முன் தானியங்கிப் பியானோக்களில் ஓடிய துளையிட்ட காகிதச் சுருள். இடப்பக்கம் நிமிர்த்திவைத்த கீபோர்டு. அதன் ஒவ்வொரு கட்டைக்கும் நேரே ஒரு வரி. ஸ்வரம் ஒலிக்கும் நேரத்துக்கு ஏற்ற நீளத்தில் ஒரு பட்டை. பியானோவுக்கு இது கச்சிதம். அதில் ஒரு கட்டையை அழுத்தியபின் ஸ்வரத்தை அசைக்க வழியே இல்லை.

தோடியை எடுத்துக்கொள்வோம். ஒரு கட்டை சுருதியில் ஸட்ஜம் ‘சி’ என்றால், தோடியின் காந்தாரம் பியானோ ரோலில் ‘இ ஃபிளாட்’ வரியில் வரும். அந்த வரியில் ஒரு நீளப் பட்டையை வரைந்து ஒலிக்கவிட்டால் கேட்பது தோடியின் காந்தாரமே இல்லை. தோடியில் காந்தாரம் ரிஷபத்துக்கும் மத்யமத்துக்கும் இடையே அசைந்தபடியே வரும். ‘டி ஃபிளாட்’டிலிருந்து ‘எஃப்’ வரை. அதைக் கொண்டுவர, பட்டைக்குக் கீழே வேறொரு பலகத்தைத் திறந்து ‘பிட்ச் பெண்ட்’ வளைகோட்டைக் கையால் வரைய வேண்டும். இசைக்கருவிகளும் கணினியும் பேசிக்கொள்வதற்காக 1983இல் வந்த மிடி நெறிமுறையில் இதற்கு 16,384 படிகள் இருக்கின்றன, நுணுக்கத்துக்குக் குறைவில்லை. வழக்கமான எல்லை மேலே இரண்டு அரைஸ்வரம், கீழே இரண்டு அரைஸ்வரம். தோடிக் காந்தாரத்துக்கு அது மயிரிழையில் போதும். ஸட்ஜத்திலிருந்து பஞ்சமத்துக்கு வழுக்கியபடி ஒரு ஜாருவில் ஏற வேண்டுமானால் ஏழு அரைஸ்வரம் தேவை, எல்லையை விரிக்க வேண்டும். மென்பொருளில் விரித்தால் மட்டும் போதாது. ஒலி எழுப்பும் துணை மென்பொருளான பிளக்இன்னிலும் அதே எண்ணைப் போட வேண்டும். இரண்டும் பொருந்தாவிட்டால் பஞ்சமம் எங்கோ போய் நிற்கும், தவறு எங்கே என்று எந்தத் திரையும் சொல்லாது. பழைய மிடியில் பிட்ச் பெண்ட் சானல் முழுமைக்கும் பொது என்பதால், ஒரு ஸ்வரத்தை அசைத்தால் அதே சானலில் உடன் ஒலிக்கும் எல்லா ஸ்வரமும் சேர்ந்தே அசையும். 2018இல் ஏற்கப்பட்ட எம்பிஇ முறை ஒவ்வொரு ஸ்வரத்துக்கும் தனி அசைவு கொடுத்து இதைத் தீர்த்தது.

கவனியுங்கள்: கமகம் என்னும் இந்த அசைவு முடியாது என்று எந்த மென்பொருளும் சொல்லவில்லை. ஸ்வரம் முதலில், அசைவு பிறகு, அதுவும் இன்னொரு பலகத்தில் என்ற வரிசையைத்தான் வைத்திருக்கிறது. நம் இசையில் அசைவோடுதான் ஸ்வரம் பிறக்கிறது. அவசரத்தில் இருக்கும் இசையமைப்பாளர் எதைச் செய்வார்? பட்டையை வரைந்துவிட்டுப் போய்விடுவார். தட்டையாக ஒலிக்கும் எத்தனையோ கீபோர்டு மெட்டுகளுக்குப் பின்னால் வாசித்தவரின் ரசனைக் குறைவைவிட இந்தப் பலக வரிசை அதிகம் இருக்கிறது என்றே நினைக்கிறேன். இராக்கிய வம்சாவளி இசைக் கலைஞர் கயாம் அல்லாமி இதே குறையை அரபு இசைப் பக்கமிருந்து எழுப்பி, 2021இல் ‘லெய்மா’, ‘அபோடோமே’ என்ற இரண்டு கருவிகளை வெளியிட்டார். பன்னிரண்டு சம பங்கு என்ற கட்டாயம் இல்லாமல் ஸ்வரங்களை நாமே வகுத்துக்கொள்ளலாம். 2024இல் வந்த லைவ் 12இலும் வெவ்வேறு சுருதி முறைகளுக்கு இடம் தந்திருக்கிறார்கள். கேட்டால் கிடைக்கும் என்பதற்கு இவை சான்று.

திரை கண்ணுக்கானது என்பதால் காதை ஏமாற்றவும் செய்கிறது. ஒரு பிளக்இன்னைப் போட்டதும் குரல் ‘நன்றாக’ ஆகிவிட்டதாகத் தோன்றும். பல சமயம் அது செய்தது ஒன்றிரண்டு டெசிபல் சத்தத்தைக் கூட்டியது மட்டும்தான். ஃபிளெட்சரும் மன்சனும் 1933இலேயே அளந்து காட்டினார்கள்: சத்தம் கூடும்போது தாழ்ந்த ஒலிகள் நமக்கு ஒப்பீட்டளவில் நிறையக் கேட்கும். அதனால் சற்றுச் சத்தமானது செறிவாகவும் சிறப்பாகவும் தோன்றுகிறது. பிளக்இன் இருக்கும்போதும் எடுத்தபிறகும் ஒரே ஒலியளவில் ஒப்பிட ஒரு பொத்தான் இருந்தால் இந்த மயக்கம் தெளியும். சில பிளக்இன்களில் அது இருக்கிறது. எல்லாவற்றிலும் இருக்க வேண்டியது.

வீட்டில் முதல்முறை குரல் பதிவு செய்பவர் படும் பாட்டையும் சொல்லியாக வேண்டும். ஹெட்போனில் தன் குரல் சற்றுத் தாமதமாகக் கேட்கும், தாளம் பிசகும், தன் பாட்டில்தான் கோளாறு என்று நினைத்து நொந்துபோவார். காரணம் ‘பஃபர்’. கணினி ஒலியைச் சிறு மூட்டைகளாகச் சேர்த்து அனுப்புகிறது. நொடிக்கு 44,100 மாதிரிகள் எடுக்கும்போது 1,024 மாதிரி கொண்ட ஒரு மூட்டை சேர்வதற்கே 23 மில்லிநொடி ஆகும். உள்ளே வர ஒரு முறை, வெளியே போக ஒரு முறை. ஒலி காற்றில் அந்த 23 மில்லிநொடியில் ஏறக்குறைய எட்டு மீட்டர் போய்விடும். இரண்டு முறையும் சேர்த்து, பதினாறு மீட்டருக்கு அப்பால் நின்று பாடும் இன்னொருவரைப் போலத் தன் குரலே தனக்குக் கேட்டால் யாரால் தாளத்தோடு பாட முடியும்? 128 என்று குறைத்தால் ஒரு மூட்டை 3 மில்லிநொடிக்குள் வந்துவிடும். இந்த அமைப்பு பெரும்பாலும் விருப்பத்தேர்வுகளின் உள்பக்கத்தில் ஒளிந்திருக்கிறது. மைக் திறந்திருப்பதும் தாமதம் எவ்வளவு என்பதும் மென்பொருளுக்குத் தெரியும். ‘பாடுவதற்கு இது அதிகம், குறைக்கட்டுமா?’ என்று அது கேட்டிருக்கலாம்.

இசை உலகில் பார்வையற்ற கலைஞர்கள் எத்தனையோ பேர். அவர்களுக்கு இந்தத் திரைகள் நெடுங்காலம் மூடிய கதவு. திரைவாசிப்பு மென்பொருள், பொத்தான்களின் பெயரை இயங்குதளத்திடம் கேட்டு வாசித்துச் சொல்லும். குமிழைப் படமாக மட்டும் வரைந்துவிட்டால் அதற்கு அங்கே எதுவுமே தெரியாது. அழகுக்காகச் செய்த அதே வேலைதான் கதவைச் சாத்தியது. ரீப்பர் என்ற இசைத் தயாரிப்பு மென்பொருளுக்கு ‘ஒசாரா’ என்ற இலவச நீட்சியை எழுதியவர், என்விடிஏ என்ற இலவசத் திரைவாசிப்பானை உருவாக்கியவர்களுள் ஒருவர், அவரும் பார்வையற்றவர். இன்று ஒரு விசைப்பலகையை மட்டும் வைத்துக்கொண்டு ட்ராக் போடுவது, வெட்டுவது, மிக்ஸ் செய்வது எல்லாம் அதில் நடக்கிறது. லைவ் 12 திரைவாசிப்புக்குக் கதவைத் திறந்தது; முதல் பதிப்பு வந்து அதற்குள் இருபது ஆண்டுகளுக்கு மேல் ஓடிவிட்டன.

ஒசாராவின் உதாரணம் நமக்கும் வழி காட்டுகிறது. தேவையை உணர்ந்தவரே கருவியைச் செய்தார். ஆர்டர், எல்எம்எம்எஸ், ஆடாசிட்டி ஆகிய ஒலி மென்பொருள்களின் மூலநிரல் திறந்தே கிடக்கிறது. ரீப்பரில் லுவா மொழியில் நூறு வரி எழுதத் தெரிந்தவர் கண்ட நடைக் கட்டத்தையும், ஸரிகம பெயரிட்ட பியானோ ரோலையும், கமகத்தை ஸ்வரத்தின் மேலேயே வரையும் பலகத்தையும் முயன்று பார்க்கலாம். தமிழ்நாட்டில் நிரலாளர்களுக்கும் பஞ்சமில்லை, வித்வான்களுக்கும் பஞ்சமில்லை. கல்லூரிக் கணினித் துறையில் இறுதியாண்டுத் திட்டம் தேடும் மாணவர்களுக்கு ஒரு வேண்டுகோள்: பக்கத்து இசைக் கல்லூரிக்குப் போய், ஒரு மிருதங்க மாணவரையும் ஒரு வீணை மாணவியையும் இந்த மென்பொருள்முன் உட்காரவையுங்கள். அவர்கள் கை எங்கே தயங்குகிறது என்று பார்த்துக் குறித்துக்கொள்ளுங்கள். அங்கிருந்து உங்கள் நிரலைத் தொடங்குங்கள்.